ரோட்டுக்கு உன் குரூப் பேரு தெரியாது, கண்ணு

இன்னா தம்பி, ஞாயித்துக்கிழமை ஏலகிரியாமே? முப்பது பைக்காமே? முகப்பேர் கிழக்கு, மேற்கு, நொளம்பூர், பாடி, அம்பத்தூர்னு ஆளுங்களைத் திரட்டி ஒரு குரூப்பாமே? குரூப்புக்குக் கழுகு பேராம். கழுகுக்கு ஒரு ஸ்டிக்கராம். ஸ்டிக்கர் வரைய ஒரு டிசைனராம். சரி, பேரு வச்சே. சோறு வச்சியா?

மூணு மீட்டிங் போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். முதல் மீட்டிங்ல டி-சர்ட் கலரு. ரெண்டாவதுல ட்ரோன் யாரு எடுத்தாரதுன்னு சண்டை. மூணாவதுல ஆம்பூர்ல எந்தக் கடை பிரியாணின்னு ஓட்டெடுப்பு. எந்த மீட்டிங்லயாவது கடைசி வண்டி யாரு ஓட்டறதுன்னு பேசினீங்களா ராசா? பேசியிருக்க மாட்டீங்க. கடைசி வண்டி போட்டோவுல விழாது பாரு.

நான் இந்தப் பெங்களூர் ரோட்டுல லோடு அடிச்சவன். ரோடு ஒத்தையா இருந்ததையும் பாத்தேன், ரெட்டையானதையும் பாத்தேன், இப்ப அகலப்படுத்தறேன்னு வருஷக்கணக்கா நோண்டி வச்சிருக்கறதையும் பாக்கறேன். ரோடு எத்தினி மாறினாலும் ஒண்ணு மட்டும் மாறல. அதுக்கு உன் குரூப் பேரும் தெரியாது, உன் ஸ்டிக்கரும் தெரியாது. எதிர்ல வர்ற லாரிக்காரனுக்கு நீ கழுகும் இல்ல, கருடனும் இல்ல. கண்ணு கூசற லைட்டு ஒண்ணு. அவ்வளவு தான்.

புல்லட்டுன்னா உனக்கு ஏதோ சினிமா ஞாபகம். எங்களுக்கு அது பக்கத்து ஊரு சரக்கு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியான்னு ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஃபேக்டரி வந்துச்சு. பட்டாளத்துக்காரனும் போலீஸ்காரனும் ஓட்டின வண்டி அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிங்க வரிசையா போவச்சொல்ல பாத்திருப்பியே. வண்டிக்கு வண்டி இடம் விட்டுத்தான் போவும். ஒண்ணோட முதுகுல ஒண்ணு ஏறி உக்காராது. துப்பாக்கி வச்சிருக்கறவனே இடம் விட்டுப் போறான். கோ-ப்ரோ வச்சிருக்கற உனக்கு இன்னா அவசரம்?

கணக்கு போடலாம் வா. நீ கம்ப்யூட்டர் படிச்சவன், நான் லோடு ரசீது எழுதினவன். 80 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். வண்டிக்கு வண்டி ஒரே ஒரு செகண்டு இடைவெளின்னு வை. முப்பது வண்டிக்கு, முதல் வண்டியில இருந்து கடைசி வண்டி வரைக்கும் 600 மீட்டருக்கு மேல நீளும். நடுவுல ஒரு கார்க்காரன் குழந்தைங்களோட சர்வீஸ் ரோட்டுல இறங்கணும். எங்க பூந்து இறங்குவான்? உங்களைத் தாண்டி அரை கிலோமீட்டர் போயி, அப்புறம் ரிவர்ஸ்ல வரணுமா? அவன் நடுவுல தான் பூருவான். பூந்தா நீங்க ஆரன் அடிப்பீங்க, முறைப்பீங்க. ரோட்டை நீ பத்திரம் பண்ணியா வாங்கியிருக்கே?

அதனால முப்பதை உடை. அஞ்சு, ஆறு வண்டியா ஒரு கோஷ்டி. ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒருத்தன், கடைசியில ஒருத்தன். ஒரு கோஷ்டி கிளம்பி அஞ்சு நிமிஷம் கழிச்சு அடுத்தது கிளம்பட்டும். ஏலகிரி எங்கயும் ஓடிப் போயிடாது. அந்தப் பதினாலு கொண்டை ஊசி வளைவும் அங்கயே தான் இருக்கும்.

முன்னால போறவன் யாரு? ‘என் வண்டி தான் பெரிசு, நான் தான் லீடு’ன்னு ஒருத்தன் குதிப்பான். அவனை நடுவுல போடு. முன்னத்தி ஏரு கோணினா பின்னால வர்ற அத்தினி ஏரும் கோணும். அந்தக் காலத்துல மொதல் ஏரைப் பதமான ஆளு கையில தான் குடுத்தாங்க, பெரிய மாடு வச்சிருந்தவன் கையில குடுக்கல. லீடு போறவனுக்கு வழி தெரியணும், நிதானம் தெரியணும், கண்ணாடியைப் பாக்கத் தெரியணும். அவன் 60ல இருந்து 80க்கு முறுக்கினான்னா, கடைசி ஆளு இடைவெளியை எட்டிப் பிடிக்க 100ல விரட்டணும். முன்னால போறவன் ஜாலியா போறான், பின்னால வர்றவன் உயிரைக் கையில பிடிச்சிக்கினு வர்றான். இதுக்குப் பேரு சேர்ந்து போறதா?

புதுசா ஓட்டறவனை எங்க போடறீங்க? கடைசியில. அங்க தான் தப்பு. அவனை லீடுக்கு நேர் பின்னால விடு. அவன் தாங்கற வேகம் தான் மொத்தக் கோஷ்டிக்கும் வேகம். கைதேர்ந்தவன் எவனோ அவன் கடைசியில வரட்டும். பஞ்சர் ஆனாலும், செயின் கழண்டாலும், எவனாவது பயந்து ஓரங்கட்டினாலும் கூட நிக்க ஒரு விவரமான ஆளு வேணும் இல்லையா?

ஜோடி போட்டுப் பேசிக்கினு போறதை விட்டுடு. பேசணும்னா டீக்கடை இருக்குது. லேன்ல ஒருத்தன் இடது சக்கரத் தடத்துல, அடுத்தவன் வலது சக்கரத் தடத்துல, மாத்தி மாத்தி வரணும். குறுக்கால முன்னால போறவனுக்கு ஒரு செகண்டு இடைவெளி, நேர் முன்னால போறவனுக்கு ரெண்டு செகண்டு. எப்பிடி அளக்கறதுன்னு ஆப்பைத் தேடாதே. நேர் முன்னால போறவன் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டச்சொல்ல ‘ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு’ன்னு மெல்லச் சொல்லு. முடிக்கறதுக்கு முன்னாலயே நீ கம்பத்துக்கிட்ட வந்துட்டா, நெருங்கிட்டேன்னு அர்த்தம். வளைவு, மழை, பாலத்து இறக்கம், ரோடு வேலை நடக்கற இடம், இங்கெல்லாம் ஒத்தை வரிசை. மழையில இடைவெளி இன்னும் கூடணும்.

இன்னொரு கூத்து கேளு. குரூப்பா போனா முப்பது பேரும் நாலு இண்டிகேட்டரையும் எரிய விட்டுக்கினு போறீங்களே, அது இன்னா சடங்கு? நாலும் மினுக்கினா நீ இடது பக்கம் திரும்பறியா, வலது பக்கம் திரும்பறியான்னு பின்னால வர்றவன் கிளி ஜோசியம் பாக்கணுமா? அது நின்னு போன வண்டிக்கு வச்ச விளக்கு. ஓடற வண்டிக்குக் கல்யாண வீட்டு சீரியல் செட்டு வேணாம்.

லாரியைப் பத்தி நான் தான் சொல்லணும், கேட்டுக்கோ. லாரி கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியலையா? உன் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. இடது பக்கம் கிளீனர் இல்லாத லாரி இன்னிக்கு எத்தினி ஓடுது! அந்தப் பக்கம் நீ பூந்தா அவனைப் பொறுத்த வரைக்கும் நீ பொறக்கவே இல்ல. வலது பக்கமா, ஒவ்வொருத்தனா தாண்டு. முன்னால போறவன் தாண்டிட்டான்னு நீ கண்ணை மூடிக்கினு பின்னாலயே போவாதே. அவன் போகச்சொல்ல காலியா இருந்த இடம் நீ போகச்சொல்ல காலியா இருக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?

இப்ப வழியைப் பாரு. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பைபாஸ் ஏறி, மதுரவாயல்ல திரும்பி, பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். நீங்க கிளம்பற காலை இருட்டுல கம்பெனி பஸ்ஸுங்க ஷிப்டுக்குப் பறக்கும். ராத்திரி பூரா ஓட்டின லாரிக்காரன் ஓரத்துல, பின் லைட்டு கூடப் போடாம நிறுத்திட்டுத் தூங்குவான். சுங்குவார்சத்திரம் பக்கம் ரெண்டு கிலோமீட்டர் சுத்த சோம்பல் பட்டவன் எதிர்ல வருவான். அவன் பண்றது தப்பு தான். தப்புன்னு சொல்லி அவன் மேல மோதிக்கினா உனக்கு இன்னா கிடைக்கும்? வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினா பாதி வம்பு ஒழிஞ்சிது. ‘சூரிய உதயத்தை ரோட்டுல பாக்கணும்’ங்கறே. மொட்டை மாடியில ஏறிப் பாரு, அதே சூரியன் தான்.

சிக்னல்ல பாதி வண்டி போயி பாதி நின்னுடுச்சா? நிக்கட்டும். சிவப்புல பூந்து ஓடறதுக்கு நீ ஆம்புலன்சா? உங்கள்ல ஒருத்தன் வண்டியைக் குறுக்க நிறுத்திட்டு, கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தறானாமே, மார்ஷலாம்! எந்த ஸ்டேஷன்ல போஸ்டிங் அவனுக்கு? அத்தினி பேருக்கும் வழி தெரிஞ்சிருந்தா எவனும் பதற மாட்டான். அடுத்து எந்த பெட்ரோல் பங்குல கூடறோம்னு கிளம்பறதுக்கு முன்னாலயே சொல்லிடு. டோல்கேட்ல பைக்குக்குக் காசு கிடையாது, இடது ஓரமா வழி. தாண்டின உடனே நின்னு ஆளுங்களை எண்ணாதே. எல்லா வண்டியும் முறுக்கிக்கினு கிளம்பற இடம் அது. பாலத்து இறக்கத்துலயும் நிக்காதே.

பெட்ரோல் முந்தின ராத்திரியே போடு. எவன் டேங்க் சின்னதோ அவன் கணக்குல தான் எங்க நிக்கறதுன்னு முடிவு பண்ணணும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கு. ஹெல்மெட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது, பின்னால உக்கார்றவங்களுக்கும் சேர்த்து. வாரை மாட்டு. வார் மாட்டாத ஹெல்மெட்டு விழறச்சொல்ல உனக்கு முன்னால பறந்து போயிடும், நீ வெறுந்தலையோட பின்னால போவே. பாக்கெட்டுல பேரு, ரத்த குரூப்பு, வீட்டு நம்பரு எழுதின சீட்டு ஒண்ணு. போனு லாக் ஆகி இருக்கும், சீட்டு லாக் ஆகாது. அடிபட்டா 108. நம்ம ஊர்ல 2021ல ‘இன்னுயிர் காப்போம்’னு திட்டம் போட்டாங்க. விபத்துல மாட்டினா முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. கவர்மெண்டு நல்லது பண்ணியிருக்குது. அதுக்காக நீ போயி சோதிச்சுப் பாக்க வேணாம்.

வேகம் வேணுமா? தப்பே இல்ல. சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலத்துல சனங்க பஸ்ஸு பிடிச்சிப் போயி பாத்தாங்க. அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில டிராக்கே போட்டுட்டாங்க. நீ போற வழியில தான் இருக்குது. அங்க எதிர்ல டிராக்டர் வராது, குறுக்க மாடு வராது. அதை விட்டுட்டு ஹைவேயில தான் சக்கரத்தைத் தூக்குவேன்னா? 2023 செப்டம்பர்ல பாலுசெட்டி சத்திரம் பக்கம் ஒரு யூடியூப் தம்பி தூக்கினாரே. எலும்பு முறிஞ்சுது, கேஸு ஆச்சு, ஜெயிலு ஆச்சு, லைசென்ஸு பத்து வருஷத்துக்குப் போச்சு. லைக் போட்டவன்ல எவனாவது கூடப் போயி கம்பி எண்ணினானா?

ரோடு பெரிசானா நமக்கு யோகம்னும் நினைக்காதே. பெங்களூர் மைசூர் விரைவுச் சாலையில 2023 ஆகஸ்ட்ல இருந்து டூவீலரே வரக்கூடாதுன்னுட்டாங்க. பறக்கற காருக்கு நடுவுல பைக் ஓட்டினா ஆபத்துன்னு தான். நாளைக்கு நம்ம பெங்களூர் ரோட்டுலயும் ‘கூட்டமா வந்தா தொல்லை’ன்னு எவனாவது போர்டு மாட்டினா, அதுக்கு நீ இப்ப போடற ஆட்டமும் ஒரு காரணமா இருக்கும்.

போறதை விட வர்றது தான் பேஜாரு. காலையில பயம் இருக்கும், ஜாக்கிரதை இருக்கும். மத்தியானம் ஆம்பூர் பிரியாணி உள்ள போனா பயமும் தூங்கும், ஆளும் தூங்குவான். சாயங்காலம் லீவு முடிஞ்சி வர்ற சென்னை மொத்தமும் ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து வானகரம் வரைக்கும் உன் கூடவே வரும். அரை பிளேட்டோட நிறுத்து. அரை மணி நேரம் மரத்தடியில சாய்ஞ்சிட்டுக் கிளம்பு. இதை வீடியோவுல போட முடியாது தான், இன்னா பண்றது?

இத்தினியும் சொன்னேன், எல்லாத்தையும் மறந்தாலும் ஒண்ணை மட்டும் வச்சிக்கோ. தனியா போறச்சொல்ல உனக்குப் புத்தி இருக்குது. மேடு பள்ளம் பாக்கறே, ஆரன் கேக்குதா பாக்கறே. கூட்டத்துல சேர்ந்ததும் அந்தப் புத்தியை லீடுகிட்ட அடகு வச்சிடறே. முப்பது பேரும் அடகு வச்சா அங்க ஓட்டறது யாரு? ‘எனக்கு இந்த வேகம் தாங்காது, நான் மெல்ல வரேன்’னு ஒருத்தன் வாயைத் திறந்து சொல்றான்னா, மொத்தக் கூட்டத்துலயும் புத்தி தெளிஞ்சவன் அவன் தான். அவனைக் கிண்டல் பண்ற ஒருத்தன் எப்பவும் இருப்பான். அந்தக் கிண்டல்காரனை ஞாயித்துக்கிழமை வீட்டுல விட்டுட்டுப் போ. வண்டி ஒண்ணு குறையும், குரூப்பு தேறும்.