காகிதச் சட்டைக்காரிக்கு ஆயா சொல்றது

வா கண்ணு, உக்காரு. ஸ்ரீசிட்டி பஸ்ஸு இன்னிக்கு சீக்கிரமே எறக்கி விட்டுட்டானா? கையில இன்னா, இன்னொரு தையல் பேட்டர்ன் உறையா? இடுப்புல கை வச்சிக்கினு ரெண்டு வெள்ளைக்காரி நிக்கிற படம் போட்டது! பலே. பீரோவுல புடவை வைக்க எடமில்ல, ஒரு தட்டு முழுக்க உறை. நேத்து உங்கம்மா வந்து மூக்கை சிந்தினா. "நகை சேக்குற வயசுல பொண்ணு பேப்பர் சேக்குது"ன்னா. விடுடி, இதையெல்லாம் எவனும் திருட வரமாட்டான், நிம்மதியா தூங்குன்னு அனுப்பி வச்சேன்.

பேப்பர்ல கத்திரி வச்சியா? கிழிஞ்சிடுமேன்னு பயமா? சரி, உறையையாவது பிரிச்சியா? அதுவும் இல்ல. பிரிச்சா விலை போயிடுமாம். கடையில சட்டி வாங்கி, கரி பிடிச்சிடும்னு அடுப்புல ஏத்தாம பூஜை அறையில வைக்கிறவளை இப்பத்தான் பாக்குறேன்.

உன் பேப்பரைக் கேவலமா சொல்லல கண்ணு. தையல் டீச்சரா காலம் தள்ளினவ, அதோட அருமை எனக்குத் தெரியும். 1863ல அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் பக்கம் ஸ்டெர்லிங்னு ஒரு ஊரு. அங்க எபனேசர் பட்டரிக்னு ஒரு தையக்காரர். அவருக்கு முன்னயும் பேப்பர் பேட்டர்ன் வித்தாங்க, ஆனா ஒரே சைஸ். உன் உடம்புக்குத் தக்கன நீயே கூட்டிக் குறைச்சுக்கோன்னு விட்டுடுவாங்க. இவரு சைஸ் சைஸா வெட்டி வித்தாரு. மொதல்ல ஆம்பளைங்களுக்கும் பையன்களுக்கும்தான். கரிபால்டி பேரு வச்சு பையன்களுக்கு ஒரு சூட் போட்டாரு, அது பிச்சிக்கினு போச்சு. பொம்பளைங்களுக்குன்னு வந்தது 1866ல. வீட்டுல ஊசி பிடிக்கிறதெல்லாம் பொம்பளை, அளவு மட்டும் மொதல்ல ஆம்பளைக்கு! அப்புறம் 1870ல மெக்கால், 1927ல சிம்ப்ளிசிட்டின்னு வரிசையா கம்பெனிங்க கெளம்பினாங்க. ரொம்ப காலத்துக்கு அந்தப் பேப்பர்ல ஒரு கோடு கெடையாது, ஒரு எழுத்து கெடையாது. ஓட்டையும் ஓரத்துல வெட்டுக்குறியும்தான். எந்த ஓட்டை டாட்டு, எந்த ஓட்டை நூல்வாக்குன்னு தெக்கிறவதான் கண்டுபிடிக்கணும். கோடு போட்டு அச்சடிச்சது 1920 வாக்குலதான்.

இப்ப நீ ஏமாறுற எடத்துக்கு வரேன். உறை மேல 12னு போட்டிருக்குது. "ஆயா, என் சைஸே 12தான்"னு குதிக்கிறே. எந்த வருஷத்து 12 கண்ணு? 1956க்கு முந்தின 12க்கு மார்பு முப்பது இஞ்ச். அதுக்கப்புறம் வந்த 12க்கு முப்பத்தி ரெண்டு. 1967, 68 வாக்குல மறுபடி மாத்தினாங்க, அந்த 12க்கு முப்பத்தி நாலு. உடம்பு பெருத்துக்கினே போவுது, நம்பர் மட்டும் அப்படியே கன்னிப்பொண்ணாட்டம் நிக்குது. அதனால நம்பரைப் பாக்காதே, டேப்பை எடு. டேப்புக்கு முகஸ்துதி தெரியாது.

உறையில வருஷம் போட்டிருக்கான்னு கேட்டேன்ல, முழிச்சே. அநேகமா போட மாட்டான். விலை, நம்பர், அந்தப் பொம்பளையோட கொண்டை இதையெல்லாம் வச்சு ஊகிக்கணும். நம்ம ஊரு பேட்டர்னுக்கு அந்தத் தொல்லை இல்ல. பழைய நியூஸ் பேப்பர்ல வெட்டினது, தேதி மேலயே கெடக்கும். எங்கிட்ட ஒண்ணு கீது பாரு, முதுகுப் பக்கம் தினத்தந்தி, கை ரெண்டும் தெலுங்கு ஈநாடு. சத்தியவேட்டுக்காரி வெட்டினதுன்னு அதுக்கு மேல அத்தாட்சி வேணுமா? தேதிக்கு முந்தி அதை வெட்டியிருக்க முடியாது, பிந்தி எப்ப வேணா வெட்டியிருக்கலாம், அந்த சூட்சுமத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. நாளைக்கே எவனாவது ஈநாடு பேப்பர்ல வெட்டின ரவிக்கையைக் காட்டி, சுதந்திரத்துக்கு முந்தினதுன்னு விலை சொன்னா வாங்கிடாதே. ஈநாடு பொறந்ததே 1974ல.

நம்ம சத்தியவேடு ஊரே அப்படி வெட்டி ஒட்டினதுதானே. செங்கல்பட்டு ஜில்லாவுல இருந்தோம். 1960ல திருத்தணியை மெட்ராஸ் பக்கம் குடுத்துட்டு, நம்மளை ஆந்திராப் பக்கம் சேத்தாங்க. அதுவும் இன்னா நாள் தெரியுமா, ஏப்ரல் 1. சித்தூர்னு எழுதிப் பழகி முடிக்கறதுக்குள்ள 2022ல திருப்பதி மாவட்டம்னுட்டாங்க. குடியிருந்த வீட்டை விட்டு நகராமலே ரெண்டு ராஜ்ஜியம், மூணு ஜில்லா பாத்தாச்சு. கல்யாண ஜாக்கெட்டுக்கு உங்க தெலுங்குக் கூட்டாளி மக்கம் வொர்க்குன்னு காசு கேக்குறா, ஊத்துக்கோட்டைக்காரி ஆரி வொர்க்குன்னு காசு கேக்குறா. காசு மட்டும் எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

சரி, சேத்தது போதும். குடுக்கிறதைப் பேசுவோம். இந்தத் தொழில்ல ஒரு ஜாதி உண்டு. கட்டோரி கட்டிங் தெரியும், ஆனா சொல்லித் தர மாட்டாங்க. பேப்பரை மடிச்சு மிஷின் டிராயர்ல போட்டுப் பூட்டிடுவாங்க. அவங்க போனதும் டிராயரைத் தொறந்தா ராமபாணப் பூச்சி சாப்பிட்டது போக மிச்சம். தொழில் ரகசியத்தை அது மட்டும் முழுசா கத்துக்கினு போயிருக்கும். நீயும் அந்த வழியிலதான் போறே, பூட்டு மட்டும்தான் புதுசு.

ரோட் ஐலண்ட் யுனிவர்சிட்டியில ஜாய் எமரின்னு ஒரு அம்மா, நாடகத்துக்கு உடுப்பு தெச்சுக் குடுத்தவங்க. இந்தப் பேப்பரையெல்லாம் சேத்து, ஒவ்வொரு துண்டோட வடிவத்தையும் சின்னதா படம் புடிச்சு வச்சாங்க. அங்க ஐம்பதாயிரத்துக்கு மேல கீது. படத்தைப் பாத்து எவ வேணா பெருசா வரைஞ்சு தெச்சுக்கலாம். சேக்குறதுன்னா அது. நம்ம பக்கமும் கையை மூடாதவங்க உண்டு. பம்பாய்ல ஜராப்கர் தன் கட்டிங் முறையைப் புத்தகமாவே போட்டாரு. மேரி மேத்யூஸ் அம்மா எழுதின 'பிராக்டிகல் க்ளோத்திங் கன்ஸ்ட்ரக்‌ஷன்' மெட்ராஸ்ல அச்சாச்சு, ரெண்டு பாகம். அளவை எடுத்து நீயே பேட்டர்ன் போட்டுக்கோன்னு சொல்லித் தர்ற புத்தகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. அது உதவுற சுரைக்காய்.

குடுக்கிறதுலயும் ஒரு மொறை கீது. அசலைக் கொடுக்காதே, நகலைக் கொடு. நியூஸ் பேப்பர் மரக்கூழ்ல ஆனது, வெயில் பட்டா மஞ்சளாகி அப்பளமா நொறுங்கும். பிரவுன் பேப்பரை அடியில விரிச்சு, பழசை மேல வச்சு, ஓரத்துல பென்சில் ஓட்டு. வெள்ளைக்காரி மெல்லிசுப் பேப்பர் கசங்கியிருந்தா சூடு கம்மியா வச்சு இஸ்திரி போடு, தண்ணி மட்டும் தெளிச்சிடாதே. எடுத்த நகல்ல நூல்வாக்கு எப்படி, டாட்டு எங்க, தையலுக்கு எவ்ளோ விட்டிருக்குதுன்னு எழுது. இந்தக் கடைசி விஷயத்துலதான் பாதிப் பேரு மண்ணைக் கவ்வுறது. அமெரிக்கக் கம்பெனிங்க வழக்கமா அரையே அரைக்கால் இஞ்ச் சேத்தே வெட்டுவாங்க. ஜெர்மனி புர்தா புத்தகத்துத் தாள்ல அது சேந்திருக்காது, நீதான் விடணும். தெரியாம வெட்டினா ஜாக்கெட்டு உனக்கு ஆவாது, உன் தங்கச்சிக்கு ஆவும். அப்புறம் அது யாரு வீட்டு அளவு, எந்த ஊருன்னு ஒரு வரி. அந்த வரி இல்லாத பேப்பரு, விலாசம் இல்லாத கடுதாசி.

பேப்பரே இல்லாட்டியும் கவலைப்படாதே. உங்க பாட்டி பொட்டியில ஒரு ரவிக்கை கெடக்கும். டைலர்கிட்ட அளவு ஜாக்கெட்டுன்னு நாம குடுக்கறதே பேட்டர்ன்தான், துணியில இருக்கறதால உன் கண்ணுக்குத் தெரியல. அதைப் பிரிக்காதே. சைடு தையலோட மடிச்சு, பேப்பர் மேல நேரா விரிச்சு, தையல் மேலயே குண்டூசியால குத்திக்கினு போ, ஓட்டையைச் சேத்துக் கோடு போடு. கைக்குழியில மட்டும் அவசரப்படாதே. போட்டுப் போட்டு கிராஸ் பக்கம் இழுத்துக்கினு இருக்கும், துவைச்சுத் துவைச்சு நீளம் சுருங்கியிருக்கும். அதனால மொதல் வெட்டு பட்டுல வேணாம். கொஞ்சம் காடாத் துணி வாங்கு. நகரி பக்கம் தறி ஓடுற சீமையில பொறந்துட்டு, சோதிச்சுப் பாக்கத் துணி இல்லேன்னா சிரிப்பாங்க.

ரவிக்கைக் கழுத்து எந்தக் காலத்துதுன்னு தெரியலன்னா சினிமாவைக் கேளு. அறுபதுகள்ல சரோஜாதேவி ஜாக்கெட்டைப் பாத்து ஊரே தெச்சுக்கிச்சு. 1985ல 'பூவே பூச்சூடவா' வந்தப்ப கம்மல், வளையல், கொண்டை எல்லாத்துக்கும் அதுல நடிச்ச நதியா பேரையே வச்சாங்க. அப்ப போட்ட பஃப் கையை இப்ப நீ புதுசுன்னு போட்டுக்கினு வரே. நான் வாயைத் தொறக்கல, பாத்தியா?

அந்த உறையை இப்பவே இங்க பிரி. நகல் ரெண்டு எடு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு பஸ்ஸுல உன் பக்கத்துல உக்காருற அந்த தெலுங்குப் பொண்ணுக்கு. வர்ற ஞாயித்துக்கெழம அதுல தெச்ச ஏதாச்சும் ஒண்ணைப் போட்டுக்கினு வா, கோணலா இருந்தாலும் பரவால்ல. அதுவரைக்கும் புது உறை வாங்கக் கூடாது.