துறைமுகத்துக்கு யார் போயிருக்க வேண்டும்?

திருமுல்லைவாயிலில் வளர்ந்தவர்களுக்கு ராணுவம் என்பது எங்கோ எல்லையில் இருக்கிற சங்கதி அல்ல. இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்தார்கள். ஓ.சி.எஃப்.பில் சிப்பாய்களுக்குச் சட்டை தைத்தார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்த இரண்டு இடத்துச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. காலை ஷிப்டு நேரத்தில் சி.டி.எச். ரோடு முழுக்க சைக்கிள்கள் போகும். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் ஆடும். 1987இல் ஆவடியில் என்ஜின் தொழிற்சாலையும் வந்தது. இனி வேலைக்குப் பஞ்சமில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

அதே 1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த நாளே இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்கியது. ஆகஸ்ட் 2ஆம் தேதி மெரினாவில் பெரிய கூட்டம். ராஜீவ் காந்தியும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் இருந்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். ஈழத்துக்கு விடிந்துவிட்டது என்றுதான் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

அக்டோபர் 10ஆம் தேதி அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கியது. 11ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது பேரில் ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார். 21ஆம் தேதி தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியச் சிப்பாய்களின் துப்பாக்கியால் செத்துப்போனார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓ.சி.எஃப்.பில் டெய்லர். அந்தச் சேதி பரவிய பிறகு ஒரு நாள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி என் அப்பாவிடம் சொன்னார்: “நான் தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயி நம்ம ஜனத்தையே சுடறானுங்களே சார்.” அப்பாவுக்குப் பதில் வரவில்லை. அவர் வேலை செய்தது டாங்கி செய்யும் இடத்தில். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் டாங்கிகளும் இறங்கியிருந்தன.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அப்போது ஓயாமல் கிளம்பிய கேள்வி ஒன்று உண்டு. இந்த ஜெனரல்கள் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்? செய்வது சரி என்றால் மெரினாவுக்கு வந்து சொல்லட்டும். தப்பு என்றால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும். இரண்டும் நடக்கவில்லை. பதவியில் இருக்கும் ராணுவத்தான் அரசியல் கூட்டத்துக்குப் போகக் கூடாது, அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது என்று 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகள் கட்டிப்போட்டிருந்தன. தமிழ்நாடு மொத்தமும் வெறுத்த ஒரு போரை, எந்த ஜெனரலும் மேடையேறி நியாயப்படுத்தவில்லை.

நியாயப்படுத்தாமல் இருந்தது சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் மேடைக்கு வராததாலேயே அவர்கள் அரசியல் செய்யவில்லை என்று நான் நினைக்கவில்லை. அப்போது கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். தீட்சித், பிற்பாடு எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். புலிகளோடு மோத நேர்ந்தால் என்ன ஆகும் என்று பிரதமர் கேட்டபோது, சில வாரங்களில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையைத் தளபதி சுந்தர்ஜி கொடுத்தார் என்கிறார். சில வாரம் என்றது 1990 மார்ச் வரை இழுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். செத்த பொதுமக்களின் கணக்கு இன்றும் தகராறில் இருக்கிறது. தீட்சித் சொல்வது நடந்ததென்றால், ஒரு ஜெனரல் செய்யக்கூடிய ஆகப் பெரிய அரசியல் அதுதான். ஆள்பவர் கேட்க ஆசைப்படுவதை, நாலு பேர் மட்டும் இருக்கும் அறைக்குள் சொல்லிவிடுவது. மெரினாவில் மைக் பிடித்திருந்தால்கூட இவ்வளவு கெடுதல் வந்திருக்காது.

இதற்கு எதிரான உதாரணமும் அதே போரில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முதலில் படை நடத்திய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ வேண்டும் என்று தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், வெள்ளைக்கொடிக்குக் கீழே வருகிறவரை முதுகில் சுட மாட்டோம் என்று தான் மறுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். மேலதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் திபிந்தர் சிங் அந்த மறுப்புக்குத் துணை நின்றாராம். 1971 ஏப்ரலில் உடனே போர் தொடுக்க முடியாது என்று இந்திரா காந்தியிடம் தளபதி மானெக்‌ஷா சொன்னதும் இந்த ஜாதிதான். கதவு சாத்திய அறைக்குள் ‘முடியாது’ என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதற்குத்தான் தோளில் அத்தனை நட்சத்திரம்.

1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிப் படையும் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் கோபம் தமிழ்நாட்டின் கோபம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே போனார்கள்? 1987 ஆகஸ்டில் மெரினா மேடையைச் சுற்றி நின்று கைதட்டிய தலைவர்கள் எங்கே? துறைமுகத்துக்கு வந்து, ‘அனுப்பியது நாங்கள், பழியும் எங்களுடையது’ என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் வராததால் மொத்தப் பழியும் சிப்பாயின் தலையில் விடிந்தது.

எங்கள் தெருவுக்கு அப்படி ஒருவர் வந்து சேர்ந்தார். சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தார். தெருவில் எல்லோரும் மிலிட்டரிக்காரர் என்பார்கள். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். சென்ட்ரலிலிருந்து ஆவடி லோக்கலில், சிவில் டிரஸ்ஸில் வந்தார். கறுப்பு ட்ரங்குப் பெட்டியில் வெள்ளை பெயின்டில் நம்பர், ராங்க், பெயர், யூனிட் எல்லாம் எழுதியிருந்தது. வந்த வாரமே வாசலில் பழைய பேப்பரை விரித்துப் பெட்டியை வைத்து அதன்மேல் பச்சை பெயின்ட் அடித்தார். முதல் கோட் காய்ந்த பிறகும் யூனிட் வரி லேசாகத் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் இன்னொரு கோட் அடித்தார்.

ரொம்ப நாள் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் இதைச் சொன்னார். தமிழ் தெரியும் என்பதால் வீடுகளைச் சோதனை போடும்போது வயர்லெஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு மொழிபெயர்க்கவும் போக வேண்டுமாம். ஒரு வீட்டில் வயசான அம்மா ஒருத்தி பனையோலைப் பாயில் உட்கார்ந்தபடி, “நீரும் தமிழ்ப் பிள்ளைதானே தம்பி?” என்று கேட்டாளாம். “ஆபீசர் என்னா சொல்றான்னு கேட்டாரு. தண்ணி வேணுமான்னு கேக்குதுன்னு சொல்லிட்டேன்” என்றார்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. 2021 அக்டோபரிலிருந்து ஆவடித் தொழிற்சாலைகள் அரசுத் துறையாக இல்லாமல் கம்பெனிகளாகிவிட்டன. சைக்கிள்கள் போய் சி.டி.எச். ரோட்டில் பைக்குகள். ராணுவத்தின் மேல் இருந்த பார்வையும் தலைகீழாகிவிட்டது. 2025 மே 10ஆம் தேதி, ஆபரேஷன் சிந்தூரின்போது, ராணுவத்துக்கு ஆதரவாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து போர் நினைவுச் சின்னம் வரை பேரணி நடத்தினார். சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் அதே மாலையில்தான். அப்பா கருணாநிதி போக மறுத்த துறைமுகத்துக்கு மிக அருகில்தான் மகன் நடந்து போய்ச் சேர்ந்த இடம் இருக்கிறது. இரண்டுக்கும் அவரவர் காலத்து நியாயம் இருந்தது. ஒன்றில் போர் தமிழனை நோக்கி இருந்தது, மற்றதில் இல்லை.

எனக்குக் கவலை பேரணியில் இல்லை. ராணுவ உடை அரசியலின் துணியாக மாறுவதில்தான் கவலை. 2019இல் விமானப்படை விமானி அபிநந்தன் படத்தைப் போட்டு ஓட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்று தேர்தல் கமிஷன் கட்சிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2012இல் ஓய்வுபெற்ற தளபதி வி.கே. சிங் 2014இல் கட்சியில் சேர்ந்து மந்திரியானார். ஓய்வுக்குப் பிறகு அது அவர் உரிமை. ஆனால் இன்று ஒரு ஜெனரல் பேசும்போது, இது ராணுவம் பேசுகிறதா, நாளைய வேட்பாளர் பேசுகிறாரா என்று கேட்பவன் யோசிக்கும்படி ஆகிவிட்டது. எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்த்து இருக்காது, எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். குறும்பரோடு மோதிய தொண்டைமானுக்குத் துணையாகப் புறப்பட்ட கோலம் என்பார்கள். போரில் இறங்கிய அரசனுக்கு எல்லோரும் தன் பக்கம் திரும்பியாக வேண்டும். சாமியின் வாகனம் உட்பட.

ராணுவ உடை அரசியலின் துணியாவதை அமெரிக்கா இரண்டு முறை அனுபவித்தது. வியட்நாம் போர் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டிருந்த 1967இல், ஜனாதிபதி ஜான்சன் தளபதி வெஸ்ட்மோர்லேண்டை ஊருக்கு வரவழைத்துப் பேசவைத்தார். ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் பேசினார். நவம்பரில் பத்திரிகையாளர்கள் முன்னால் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்றார். அடுத்த ஜனவரி கடைசியில் டெட் தாக்குதல் வந்தது. அதன் பிறகு ராணுவம் உண்மையைச் சொன்னாலும் அந்த ஜனங்கள் நம்பவில்லை. 2007 செப்டம்பரில் ஈராக் போருக்காக ஜெனரல் பெட்ரேயஸ் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்தார். போரை எதிர்த்த ஓர் அமைப்பு அவர் பெயரையே துரோகி என்று பொருள்படத் திரித்து விளம்பரம் போட்டது. செனட் 72க்கு 25 என்ற கணக்கில் அந்த விளம்பரத்தைக் கண்டித்தது. போரைத் தொடங்கிய அரசியல்வாதிகளின் மேல் விழ வேண்டிய அடி சிப்பாயின் மேல் விழுந்ததும், செனட் அதைப் பற்றி வாக்கெடுத்துக்கொண்டிருந்ததும்தான் மிச்சம்.

இலங்கையில் நடந்தது இன்னும் கசப்பு. தளபதி சரத் பொன்சேகா 2008இல் பதவியில் இருந்துகொண்டே, இது சிங்களவர் நாடு என்று கனடாப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார். தமிழ்நாட்டுத் தலைவர்களைக் கோமாளிகள் என்றார். 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். ராஜபக்சவை வீழ்த்த வேறு வழி தெரியாமல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஓர் ஆண்டு ஆகவில்லை. வாக்குச்சாவடிக்குப் போன யாழ்ப்பாணத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் அந்தத் தளபதிக்கே போட்டார்கள். பிப்ரவரியில் அவரை அவருடைய ராணுவமே கைது செய்தது. அரசியல் மேடையில் ஏறின தளபதிக்கு இறங்குகிற படி அவர் கையில் இல்லை.

அதற்காக ராணுவம் எப்போதும் மௌனமாக இருப்பதே தர்மம் என்று யாரும் என் வாயில் வார்த்தையைப் போட வேண்டாம். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது, 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் என்ன நடந்தது என்று ஒரு தளபதி நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும். யார் சுட்டார்கள், யார் உத்தரவு கொடுத்தார்கள், என்ன தண்டனை என்பது தகவல். அதைக் கேட்கச் செத்தவர்களின் குடும்பத்துக்கு உரிமை உண்டு. தெரிந்துகொள்ள நமக்கும் உண்டு. போர் தேவையா என்பது வாதம். அந்த வாதத்தை ஓட்டு வாங்கியவர்தான் ஜனங்கள் முன்னால் செய்ய வேண்டும், தோற்றால் பதவியை விட்டு இறங்க வேண்டும். தகவலைச் சொல்ல வேண்டியவன் வாதத்தில் இறங்கிவிட்டால் தகவலையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம் நாட்டில் தகவலும் வரவில்லை. 1962 தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையையே அரசாங்கம் இன்றுவரை முறையாக வெளியிடவில்லை. அமைதிப்படைக்கு யார் கேட்கப்போகிறார்கள்?

தெரிந்ததெல்லாம் ஜெனரல்கள் ஓய்வுபெற்ற பிறகு இங்கிலீஷில் எழுதிய புத்தகங்களில் இருக்கிறது. மிலிட்டரிக்காரருக்கு அந்த அளவு இங்கிலீஷ் வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் படித்துத் தமிழில் சொல்கிறேன். ஹெலிகாப்டர் இறங்கிய இரவு பற்றிய பகுதி வந்தபோது நிறுத்தச் சொன்னார். “நாங்க செட்டுல பேசினது புலிகளுக்குக் கேட்டுச்சு தம்பி. எங்க சிக்னல்காரன் எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கே யாராச்சும் மேலே போய்ச் சொல்லியிருக்கணும்” என்றார். அதையும் எழுது என்றார்; எழுதினேன். நான் தமிழாக்கி எழுதும் நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் ஜெனரல் சொன்னது, வலது பக்கம் இவர் சொல்வது. அந்த ஒரு இரவுக்கு மட்டும் வலது பக்கம் இடமில்லாமல் தனித்தாள் ஒட்டியிருக்கிறோம்.