மாரேட்பள்ளி மெய்ப்பாட்டியல்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வகுத்து 32 என்று கணக்கை முடித்தார். இளம்பூரணரும் பேராசிரியரும் உரை செய்தார்கள். இத்தனை பேர் உழுத நிலத்தில் ஒரு மூலை மட்டும் தரிசாகக் கிடக்கிறது. ஒருவன் பிங்க் ஃப்ளாய்ட் கேட்கும்போது அவனுக்கும், அதைவிட முக்கியமாக அவன் வீட்டாருக்கும், தோன்றும் மெய்ப்பாடுகள் யாவை? இக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் செகந்திராபாத், மேற்கு மாரேட்பள்ளி. காலம், எண்பதுகளின் பிற்பகுதி. ஆய்வுக்கு உட்பட்டவர் என் சித்தப்பா. கருவி ஒரு டூ-இன்-ஒன். மூலப்பிரதிகளான இசைத்தட்டுகள் லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ-இந்திய நண்பர் வீட்டில் இருந்தன. சித்தப்பாவிடம் இருந்தவை 90 நிமிட டிடிகே கேசட்டில் எடுத்த படிகள். இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்துக. மேலைநாட்டு விமர்சகர்கள், ராக் கேட்பவன் தனி அறையில் தனியாக உட்கார்ந்திருப்பான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். மாரேட்பள்ளியில் அப்படி ஓர் அறை இருந்ததற்குச் சான்று இல்லை.

கேட்பவர் தமக்கென்று வைத்திருந்த மெய்ப்பாடு ஒன்றே, பெருமிதம். அதன் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை. தாத்தா வீட்டில் இருக்கும்போதே ஒலியைக் கூட்டுவது தறுகண். கொடைக்கு இடமே இல்லை. கேசட்டை யாருக்கும் இரவல் தரமாட்டார். மற்ற ஏழும் வீட்டாருடையவை.

அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கால் அது பிறக்கும். 1977-இல் வந்த ‘அனிமல்ஸ்’ தொகுப்பில் பெரிய பாட்டுகள் மூன்று: நாய்கள், பன்றிகள், ஆடுகள். நாய்ப் பாட்டு மட்டும் 17 நிமிடம், நடுவில் குரைப்பொலியும் உண்டு. அது எழுந்ததும் தெருநாய்கள் மறுமொழி சொல்லத் தொடங்கும். “வாசக் கதவைச் சாத்தினியா பாரு, யாரோ நிக்கறான்” என்பார் பாட்டி. விலங்கில் தொடங்கிய அச்சம் கள்வரிடம் போய், தாத்தா எழுந்து வந்ததும் இறையில் முடியும். ஒரே பாட்டில் மூன்று நிலைக்களன். ‘அணங்கும் உண்டு’ என்பாரும் உளர். அது பாட்டியின் கருத்து மட்டுமே.

இனி ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. 1973-ஆம் ஆண்டுத் தொகுப்பு, ஏறக்குறைய 43 நிமிடம். கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் என்பதால் முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இதைச் சிறு விஷயம் என்று தள்ளக்கூடாது. இசைத்தட்டின் முதல் பக்கம் கிளேர் டோரி சொல்லே இல்லாமல் பாடும் பாட்டோடு முடிகிறது. லண்டனில் கேட்டவன் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்ட பிறகே ‘மனி’ தொடங்கும். மாரேட்பள்ளியில் இடைவெளி கிடையாது. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த தாத்தாவுக்கு அது கச்சேரி முறைப்படியே வந்து சேர்ந்தது: முதலில் அகார ஆலாபனை, அடுத்து, கல்லாப்பெட்டி ஓசைக்குப் பின், ஏழு எண்ணிக்கையில் ஓர் உருப்படி.

தாத்தாவின் கை தானாகவே தொடையில் விழுந்தது. மூன்றும் நாலும் ஏழு, மிஸ்ர சாப்பு. சாக்ஸபோன் தனி முடியும் வரை கை தவறவில்லை. கிடார் தனி வந்ததும் அவர்கள் ஏழை விட்டுவிட்டு நாலுக்குப் போய்விடுகிறார்கள். கை அந்தரத்தில் நின்றது. “சொல்லாமக் கொள்ளாமத் தாளத்தை மாத்தறான். மிருதங்கக்காரன் எப்படிடா பிழைப்பான்?” இது வெகுளி. தனி முடிந்து மறுபடி ஏழு வந்ததும், “அட, திரும்பிட்டான்” என்றார். இது மருட்கை, புதுமை பற்றி வந்தது. தட்டைத் திருப்பி வைத்துக் கேட்ட எந்த ஆங்கிலேயனும் இந்தத் தொகுப்பை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டான் என்பது என் துணிபு.

உவகைக்குக் கிடைத்த சான்று ஒன்றுதான். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ நாடாவை டூ-இன்-ஒன் தின்றுவிட்ட அன்று அது வீட்டாரிடம் காணப்பட்டது. அதே பொழுதில் சித்தப்பாவிடம், விதிவிலக்காக, அழுகை, இழவு பற்றி.

எஞ்சுவது ‘அபி ரோட்’. 1969-இல் வெளிவந்த இந்த பீட்டில்ஸ் தொகுப்புதான் ஆய்வாளரின் பொறுமையைச் சோதிப்பது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் போகிறது. முடிவில் ஒரே கிடார் வரிசை திரும்பத் திரும்ப வர, காற்றிரைச்சல் ஏறிக்கொண்டே போய், சட்டென்று அறுந்துவிடும். ஜான் லெனன் நாடாவை அந்த இடத்தில் வெட்டச் சொன்னார். மாரேட்பள்ளியில் அந்த நொடியில் மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டம்மாள் குரல் வரும்: “கரண்ட் போயிந்தா?” எங்கள் அம்மா அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார். அது சுற்றிக்கொண்டிருக்கும். வெகுளியின் நிலைக்களன்களில் முதலாவதாக உறுப்பறையைத் தொல்காப்பியர் ஏன் வைத்தார் என்பது எனக்கு விளங்கியது இங்கேதான்.

ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு வெட்டும் உண்டு, அதை லெனன் செய்யவில்லை. மொத்த நீளம் 47 நிமிடம் சொச்சம், நாடாவின் ஒரு பக்கமோ 45. ஆகவே ‘தி எண்ட்’ என்ற பாட்டு எங்கள் பிரதியில் முடிவதே இல்லை. முதல் வெட்டு ஆசிரியர் செய்தது, இரண்டாவது ஏடு முறிந்தது. சித்தப்பா இரண்டையும் ஒன்றாகவே மதித்தார், இரண்டையும் மேதைமை என்றார். அல்ஃபா ஹோட்டலில் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி, முடிவு என்று பெயர் வைத்துவிட்டு முடிக்காமல் விட்டதன் தத்துவத்தை நண்பர்களுக்கு விளக்குவார். மறுத்தவர் எவரும் இல்லை. எல்லாரிடமும் இருந்தது அதே 90 நிமிட நாடா.

தொண்ணூறுகளில் குறுந்தகடு வந்தது. ‘தி எண்ட்’ முழுதாக முடிந்ததையே அவரால் ஏற்க முடியவில்லை. சில நொடி மௌனத்துக்குப் பின், ராணியைப் பற்றி 23 விநாடிப் பாட்டு ஒன்று வேறு குதித்தது. சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்: “இது நம்ம பிரதியில இல்ல. இடைச்செருகல்.”

வியப்பு என்னவென்றால், அவர் சொன்னது சரி. அந்தப் பாட்டு முதலில் இரண்டாம் பக்கத் தொடர்மாலையின் நடுவில் இருந்தது. பால் மெக்கார்ட்னி வேண்டாம் என்று எறியச் சொன்னார். எதையும் எறியக்கூடாது என்பது அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் விதி என்பதால், ஜான் குர்லாண்டர் என்ற உதவியாளர் வெட்டிய துண்டை நாடாவின் கடைசியில் ஒட்டிவைத்தார். அது அப்படியே தங்கிவிட்டது. தொடக்கத்தில் முந்தைய பாட்டின் கடைசி அதிர்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முடிவில் தன் கடைசிச் சுரம் இல்லை. முதலில் வந்த அட்டைகளில் அதன் பெயர்கூடக் கிடையாது. இதையெல்லாம் அறியாமலே, கேசட் படியை மட்டும் வைத்துக்கொண்டு, சித்தப்பா பாடபேதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

பின்னால் என் தம்பிக்கு அந்தக் குறுந்தகட்டிலிருந்து ஒரு கேசட் பதிந்து கொடுத்தார். செருகலை நீக்கித்தான் பதிப்பேன் என்று நிறுத்தும் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தார். நாடா அதற்கு முன்பே, ‘தி எண்ட்’ நடுவில், தீர்ந்துபோயிற்று.