ரெண்டைக் கழிக்கும் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, நல்லாப் படிலே. பக்கத்துல ரெண்டைக் கழி, 180-ஆல பெருக்கு, பொறவு பக்கத்தால வகுன்னு காலையில இருந்து நீ போட்ட சத்தத்துல திண்ணையில கெடந்த பூனைக்கே உட்கோணம் வந்துட்டு. ஒனக்குத்தான் இன்னும் வரல. எதுக்குலே ரெண்டைக் கழிக்கேன்னு கேட்டா, "புக்குல போட்டுருக்கு தாத்தா"ங்கே. சரிதான். வாத்தியாருகிட்டயும் கேட்டுராதே. அவருக்குத் தெரியலன்னா அவருக்குச் சங்கடம். தெரிஞ்சிருந்தா ஒனக்குச் சங்கடம்.

நான் அஞ்சாப்போட பையக் கடாசிட்டு உளியத் தூக்குன தச்சன். எட்டுப்பட்டை மேசைக்குச் சட்டம் கூட்டணும்னா ஒரு பயகிட்டயும் சூத்திரம் கேட்டதில்ல. நாலு ரத வீதியிலயும் தேரு வாரத வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னியே, என்னத்தப் பாத்தே? பஞ்சுமிட்டாய்க்காரனையா? ஒவ்வொரு முக்குலயும் சறுக்குக்கட்டையப் போட்டு 90 டிகிரி திருப்புதாங்க. நிலைக்கு வந்து சேரும்போது தேரு கெளம்புன தெசையையே பாத்து நிக்கி. ஆகமொத்தம் திரும்புனது 360. முக்கு நாலா இருந்தா என்ன, நாப்பதா இருந்தா என்ன, ஒரு சுத்து ஒரு சுத்துதான். அதை முக்குக்குச் சமமாப் பங்கு வச்சா வெளிக்கோணம். திரும்பாம நேராப் போனா 180. அதுல திரும்புனது போக மிச்சம் உட்கோணம். அஞ்சு முக்குன்னா 72 திரும்பணும், மிச்சம் 108. ஆறுக்கு 60 போக 120. எட்டுக்கு 45 போக 135. முடிஞ்சு போச்சு சோலி.

ஒழுங்குப் பலகோணமா இருக்கணும், அதாவது எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமா இருக்கணும், அது மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. கோணல்மாணலா இருந்தாலும் மொத்தம் 360-தான்; ஆனா சமமாப் பங்கு வைக்க முடியாது. நம்ம வயக்காட்டுப் பாகப்பிரிவினை மாதிரி ஆயிரும்.

அந்த ரெண்டு எங்கன இருந்து வந்துச்சுன்னு கேக்காமலே இருக்கே பாரு, ஒன் பொறுமைய மெச்சணும். நடுப்புள்ளியில இருந்து ஒவ்வொரு மூலைக்கும் கோடு இழு. எத்தனை பக்கமோ அத்தனை முக்கோணம், ஒவ்வொண்ணுலயும் 180. ஆனா நடுப்புள்ளியச் சுத்திக் கெடக்க 360 எந்த மூலைக்கும் சேராதது, அதைக் கழிச்சுரணும். 360-ன்னா எத்தனை 180-லே? தேரு சுத்துன அதே சுத்துதான் ஒன் சூத்திரத்துக்குள்ள ரெண்டுன்னு வேசம் போட்டு உக்காந்துருக்கு.

இதெல்லாம் மார்க்குக்குத்தானேன்னு நெனைக்காதே. ஒன் சித்தப்பன் ஒருக்க எட்டுப்பட்டைக் கண்ணாடிக்குச் சட்டம் அடிச்சான். மூலை 135-ன்னா ரெண்டு சட்டம் சேருத எடத்துல ஆளுக்குப் பாதி, 67½. தொரை 68½ வச்சு அறுத்துப்புட்டாரு. ஒரு டிகிரிதானே தாத்தாங்கியா? எட்டுச் சட்டம், பதினாறு முனை, பதினாறு டிகிரி. ஏழு மூலை கச்சிதமாச் சேந்துச்சு. எட்டாவதுல சட்டம் சட்டத்தோட சேராம வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. குத்தமெல்லாம் மரத்து மேலதான்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுதான்.

கோணமானிய தம்பி ஒடச்சுட்டானேன்னு அழாதே. சதுரப் பலகை ஒண்ணு எடு. ஒரு மூலையில காம்பஸ் முள்ள ஊணி, நடுப்புள்ளி மட்டும் விரி. அந்த மூலையில சேருத ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொரு வெட்டு போடு. நாலு மூலையிலயும் இப்படிப் போட்டா எட்டுப் புள்ளி. மூலைகளை அறுத்துத் தள்ளு, எண்கோணம் நிக்கும்.

ஏழுப்பட்டைக்கு மட்டும் ஆசைப்படாதே. அதுக்கு உட்கோணம் 128-ம் ஏழுல நாலு பங்கும். அளவு போடாத கம்பும் காம்பஸும் மட்டும் வச்சு அதைச் சரியா வரையவே முடியாது. ஆனா 17 பட்டைக்கு முடியும்னு 1796-ல ஜெர்மனியில காஸ்னு ஒரு பய கண்டுபிடிச்சுட்டான், 18 வயசுல. ஒனக்கு இன்னும் காலம் கெடக்கு, அவசரப்படாதே. மொதல்ல மீசை மொளைக்கட்டும்.

இந்த 20 ரூவா நாணயத்தப் பாரு, 12 பட்டை. முக்குக்கு 30, உள்ள 150. பழைய ரெண்டு ரூவாயில ஒண்ணு 11 பட்டை. அதுக்கு 147-ம் பதினொண்ணுல மூணும் வரும். நாணயம் ரெண்டையும் கொண்டா, நான் நல்லா அளந்து பாத்துட்டுத் தாரேன். வெத்தலை வாங்கப் போற நேரம்தான், ஒண்ணும் ஆகாது.

கடைசியா ஒரு கணக்கு. உட்கோணம் 145 டிகிரின்னா எத்தனை பக்கம்? தேர்ப்படி போனா முக்குக்கு 35. 35 எத்தனை தடவை போட்டாலும் 360 வராது. அப்படியொரு ஒழுங்குப் பலகோணமே கெடையாதுன்னு எழுதிட்டு வந்துறலாம். நீ எழுத மாட்டே. சூத்திரத்தப் போட்டுக் கசக்கிப் பிழிஞ்சு, பத்தே கால் பக்கமும் சொச்சமும்னு கொண்டாந்து நீட்டுவே. அந்தச் சொச்சப் பக்கத்த வரைஞ்சு காட்டுலே, மேசைக்கு ஆகுதான்னு பாக்கேன்.