மொய்க் கணக்கும் படிப்புக் கணக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மதுரைப் பக்கத்து அப்பாக்கள் நிதியமைச்சர்கள் ஆகிவிடுகிறார்கள். "இவ்வளவுதான் முடியும், அதுக்குள்ள எதையாச்சும் படி." தங்கச்சி சடங்குக்கு ஃபிளக்ஸ், பந்தல், கிடா விருந்து என்று அள்ளிவிட்டபோது அமைச்சர் விடுப்பில் இருந்தார் போலும். கேட்டால், "அது மொய்யில திரும்பிரும்ல?"

படிப்புக்கு மொய் எழுதுவது அரசாங்கம் மட்டும்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதல் 'புதுமைப் பெண்', பையனுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்': மாதம் 1,000 ரூபாய். கல்விக் கடனில் 4 லட்சம் வரை வங்கி சொத்துப் பிணை கேட்காது. அப்பாவின் கையெழுத்தைத்தான் கேட்கும். அவர் பேனா தேடி முடிப்பதற்குள் பையன் புதூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து வேலைக்கும் போய்விடுவான். முதல் சம்பளம்? மாமா வீட்டுக் காதுகுத்துக்கு!