தந்தைத் துலக்கியம்: மூலமும் உரையும்

பாயிரம்

இந்நூல் என் நுதலிற்றோ எனின், வயதான அப்பாவுக்கு எலெக்ட்ரிக் டூத் பிரஷ் வாங்கப் போய்க் கடையில் திகைத்து நிற்கும் மக்கட்கு வழி கூறுதல் நுதலிற்று. 1954இல் ஸ்விட்சர்லாந்தில் பிலிப்-கை வூக் அமைத்த ‘பிராக்சோடென்ட்’ இவ்வகையின் முன்னோடி. கை சரியாக வழங்காத நோயாளிகளையும் பல்லில் கம்பி கட்டியோரையும் எண்ணிப் பிறந்தது அது. ஆகவே முதியோரே இக்கருவிக்கு மூத்த உரிமையாளர். ஜிம்முக்குப் போகும் பேரன் இடையில் வந்து சேர்ந்தவன் என்க.

நூற்பா 1: பிடியே முதலாம், பிறவெலாம் பின்னே.

உரை: மூட்டுவாதம் கண்ட விரல் ஒல்லித் தண்டை இறுகப் பற்றாது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளடங்கியதால் இதன் பிடி பருத்தது, அது குணம். அவற்றாலேயே கனத்தது, அது குற்றம். ஆதலின் பருமன் மிக்கு எடை குறைந்ததை, ரப்பர் பதித்ததைக் கொள்க, ஈரக்கையில் நழுவாது.

நூற்பா 2: ஒருபொத்தான் தலை, இருபொத்தான் இடை, கைப்பேசி கேட்பது கடை.

உரை: எந்தப் பல் விடுபட்டது எனக் கைப்பேசியில் படம் காட்டுவனவும் உள. அப்பா பல் துலக்குவதை மகன் அலுவலகத்திலிருந்து பார்ப்பது மருத்துவத்தின்பாற் படாது, வேவின்பாற் படும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றச் சொல்லி, இரண்டு நிமிடம் ஆனதும் அறிவிப்பது அமையும்.

நூற்பா 3: சிறுதலை கடைவாய் சேரும், மென்னார் ஈறு காக்கும்.

உரை: இங்கு இரு மதம் உண்டு. வட்டத் தலை இடவலமாகச் சுழல வேண்டும் என்பார் சுழல்வாதிகள். நீள்தலை நிமிடத்துக்கு 31,000 முறை அசைய வேண்டும் என்பார் அதிர்வாதிகள். 2014இல் வந்த, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வமைப்பின் மதிப்பாய்வு, மூன்று மாதத்துக்கு மேல் எலெக்ட்ரிக் பிரஷ்ஷில் துலக்கியோர்க்குப் பற்படலம் சாதா பிரஷ்காரரைவிட 21 சதவீதம் குறைந்தது என்றது. ஆயினும் கூச்சம் தாங்காமல் அப்பா அலமாரியில் போட்டுவிட்ட பிரஷ் எம்மதத்ததாயினும் பயனின்று. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிவது நன்று. என்னை? உமிக்கரியும் செங்கல் பொடியும் கண்ட கை, அழுத்தித் தேய்த்தால்தான் துலங்கும் என நம்பும்.

தடையும் விடையும்

“அப்பாவுக்கு முழுப் பல்செட் ஆயிற்றே?” எனின், அவரை இந்நூல் ஆளாது. செட்டைக் கழற்றித் தனியே கழுவுக. பேஸ்ட் அதைக் கீறும்.

“பேஸ்மேக்கர் உளதே?” எனின், வாங்குமுன் இதய மருத்துவரைக் கேட்க. இவ்விடத்து உரையாசிரியர் நகைப்பதில்லை.

“பாத்ரூமில் பிளக் இல்லையே?” எனின், சார்ஜரை ஹாலில் வைக்க. வருவோரெல்லாம் இது என்ன என்பர். விளக்கும் பொறுப்பு அப்பாவைச் சேரும். விளக்கியதைக் கைவிட அவர் ஒருப்படார்.

புறனடை: கூறாதன எல்லாம் விலையில் அடங்கும்.

உரை: விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது மரபு. ஆயினும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலை மாற்ற வேண்டும். அது பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கிடைக்குமா என முன்பே அறிக. அங்கே அதன் விலை கேட்டு அப்பா கடைக்காரரோடு வழக்காடி, வாங்காமல் திரும்பி, மறுநாள் போய் வாங்கிவந்தால் நூற்பயன் எய்தியது என்க.