ஓசி இருக்குதான்னு கேட்டியா கண்ணு?

ஏங் கண்ணு, பெங்களூருல ஊடு வாங்கறியாமா? உங்கொம்மா போன்ல சொன்னா. கோயமுத்தூருல ஏதோ ஓட்டல்ல கூட்டம் போட்டாங்களாம், டீவியில ஊட்டைச் சுத்திக் காமிச்சாங்களாம், நீ பிரியாணியத் தின்னுபோட்டு 2 லட்சம் டோக்கன் கட்டிப்போட்டு வந்தியாம். அந்தியூருச் சந்தையில அம்பது வருசம் மாடு புடிச்சவன் உன்ற அப்புச்சி. எனக்கு இந்தத் தெகிரியம் ஒருநாளும் வந்ததில்லெ சாமி.

குருநாதசாமி கோயில் ஆடி நோம்பிக்கு உன்னையத் தோள்ல தூக்கிட்டுப் போனேனே, நெனப்பிருக்குதா? ஒரு பர்கூருக் காளைக்கு வாயத் தொறந்து பல்லு பாப்போம், சுழி பாப்போம், நாலு தப்படி நடக்க உட்டுப் பாப்போம். பொறவுதான் வெலை பேசத் துண்டுக்குள்ள கை போகும். நீ 80 லட்சத்துக்கு ஒண்ணு புடிக்கற, அது நிக்குதா படுத்திருக்குதான்னுகூட நேர்ல பாக்கலெ.

"வக்கீலு அவங்களே தர்றாங்க அப்புச்சி, பேங்க்கும் அவங்களே சொல்றாங்க, வாடகைக்கு ஆளும் அவங்களே புடிச்சுத் தருவாங்க"ன்னு சொன்னியாமா. பேஷ். சோத்தை ஊட்டி உடறதுக்கும் ஒரு ஆள் கேட்டுப் பாரு. சந்தையில விக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் ஒரே தரகன் நின்னான்னா, அந்த மாட்டைச் சுத்தி வந்து பாக்காம நாங்க காசை அவுக்க மாட்டோம். அந்த ஊருலயே இருக்கற ஒரு வக்கீலை நீயாத் தேடு. பீசு உன்ற கையிலிருந்து போகோணும். உன்ற காசுல டீ குடிக்கறவன் ஒருத்தனாவது அங்க வேண்டாமா?

ஏன்னா பழைய பத்திரம், வில்லங்கம் பலதும் அங்க கன்னடம். படிக்கத் தெரியாத காயிதத்தை "பாத்தாச்சு, சரி"ன்னு ஒத்துக்கறதுக்குப் பேருதான் கைநாட்டு. என்ற அய்யன் தமிழ்ல கைநாட்டு வெச்சாரு. நீ இஞ்சினீருக்குப் படிச்சுப்போட்டுக் கன்னடத்துல வெக்கற.

அங்க நம்மூருப் பட்டா, சிட்டாவெல்லாம் தேடாத. கத்தாம்பாங்க. அது மாநகராட்சி வரிக் கணக்குல ஊட்டுக்கு இருக்கற பேரு, கிரையப் பத்திரத்துக்கு ஈடாகாது. அதுலயும் ஏ கத்தா, பி கத்தான்னு ரெண்டு சாதி. பி கத்தான்னா ஏதோ கோளாறு இருக்குதுன்னு அருத்தம், பாதி பேங்க்கு கடன் குடுக்க மொகஞ் சுளிக்கும். 2024-ல இருந்து ஈ-கத்தா இல்லாம பத்திரமே பதியறதில்லெ. பவர் பத்திரத்தை நீட்டி "இதே போதுங்க"ன்னு எவனாவது சொன்னா, அதை வெச்சு மட்டும் சொத்து கை மாறாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2011-லயே சொல்லிப்போட்டுதுன்னு சொல்லு. அவன் மொகத்தைப் பாத்துக்கிட்டே சொல்லு.

என்ற மச்சான் மவன் ஒருத்தன் ஓசூரு தாண்டி ரெவின்யூ சைட்டு வாங்குனான். வெவசாய பூமி, மனையா மாத்தவே இல்லெ, கல்லு நட்டு வித்துட்டாங்க. பொங்கலுக்குப் பொங்கல் போயிக் கல்லுக்கு மஞ்சத் தடவிட்டு வர்றான். போன வருசம் நாலு கல்லுல மூணுதான் இருந்துச்சாம். அவனும் உன்ற மாதிரி கெட்டிக்காரன்தான்.

அப்பறம் ஓசி. ஓசின்னா ஒடனே சிரிக்காத, உனக்குக் குடுத்த பிரியாணி இல்லெ. கட்டி முடிச்ச கட்டடத்தை வந்து பாத்து, பிளான்படிதான் கட்டியிருக்குது, ஆளு குடி போகலாம்னு மாநகராட்சி குடுக்கற சீட்டுக்கு அந்த ஊருல ஓசின்னு பேரு. அஞ்சு மாடிக்குப் பிளான் வாங்கி ஏழு மாடி எழுப்புனவனுக்கு அது எங்க கெடைக்கும்? "எல்லாருந்தான் குடி இருக்கறாங்க, நீங்க வேற"ம்பான். அது இல்லாத ஊட்டுக்கு நாளைக்கு நீ விக்கறப்ப வெலை சொன்னா, வர்றவன் என்ற மாதிரி ஒரு கெழவனைக் கூட்டிட்டு வருவான். தம்பி, நம்ம ஊருல ஓசியில கெடைச்சது எதுவும் நிலைக்காது. அந்த ஊருல ஓசி இல்லாத ஊடு நிலைக்காது.

கட்டிக்கிட்டு இருக்கற ஊடுன்னா ரெரா நெம்பரு கேளு. ஊடு கட்டி விக்கறவங்களைக் கட்டுப்படுத்த 2016-ல வந்த சட்டம் அது. 500 சதுர மீட்டருக்கும் எட்டு ஊட்டுக்கும் மேல போச்சுன்னா பதிஞ்சே ஆவோணும். வாங்கற காசுல 70 சதவீதம் தனிக் கணக்குல கெடக்கோணும். ஒப்பந்தம் பதியறதுக்கு முன்னால பத்துல ஒரு பங்குக்கு மேல கை நீட்டக் கூடாது. 1,200 சதுர அடின்னு சொன்னானல்ல? கார்ப்பெட் ஏரியா எவ்வளவுன்னு கேட்டுப் பாரு. மாடிப்படி, லிப்டு, வாசல் வழி எல்லாத்துலயும் உனக்குப் பங்கு போட்டுட்டு, படுக்கறதுக்கு 850 அடிதான் மிச்சம் வெச்சிருப்பான். லிப்டுக்குள்ள கட்டில் போட்டுக்கலாமான்னு அவனையே கேளு.

தண்ணிய உட்டுட்டேன் பாரு. நாங்க பூமி வாங்கப் போனா மொதல்ல கெணத்தை எட்டிப் பாத்துட்டுத்தான் பூமியப் பாப்போம். 2024 மாசி பங்குனியில அந்த ஊருல போரு வத்தி, லாரித் தண்ணிக்குப் பெரிய பெரிய ஊட்டுக்காரங்களெல்லாம் காத்துக் கெடந்தாங்க. அதுக்கு ரெண்டு வருசம் முன்னால, 2022 செப்டம்பர்ல, சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் கோடி ரூவா பங்களாவுக்குள்ள வெள்ளம். ஆபீசு போறவங்க டிராக்டர்ல ஏறிப் போனாங்க. ஏரியிருந்த எடத்துலயும் மழைத்தண்ணி போற ராஜகால்வாய் மேலயும் ஊடு கட்டுனா, தண்ணி தன்ற ஊட்டுக்கு வரத்தான் செய்யும். அதனால கோடையில ஒருக்காப் போ, மழையில ஒருக்காப் போ. வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. லாரி எத்தனை நடை வருதுன்னு அவனைக் கேளு, விக்கறவனைக் கேக்காத.

வாடகை வரும், கடன் தானா அடையும்னியாமா. வெரலை நீட்டு. மாசம் 28,000 வாடகை. வருசத்துக்கு 3,36,000. பராமரிப்பு அடிக்கு 4 ரூவான்னா மாசம் 4,800, அதுல 57,600 போச்சு. ஒரு மாசம் ஊடு பூட்டிக் கெடந்தா இன்னொரு 28,000. மிச்சம் 2,50,400. 60 லட்சம் கடனுக்கு எட்டரை வட்டின்னா மொத வருச வட்டி மட்டும் 5 லட்சத்துக்கு மேல. ஊடு உனக்குச் சோறு போடாது, நீதான் ஊட்டுக்குத் தீனி போடோணும். பைப்பு ஒடைஞ்சா நீ 350 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து போன்லயே அடைப்பியா? இதுபோக முத்திரைத்தாளும் வரியும் 5.6, பதிவுக்கு 2, ஆக 7.6 சதவீதம், சுமாரா 6 லட்சம். 50 லட்சம் தொட்டா விக்கறவனுக்குக் குடுக்கறதுல 1 சதவீதம் நீயே புடிச்சு வருமான வரிக்குக் கட்டோணும். விக்கறவன் வெளிநாட்டுல இருக்கறவன்னா அந்தக் கணக்கே வேற, ஆடிட்டரைக் கேளு.

வாங்காதன்னு நான் சொல்லலெ. அப்பறம் "கெழவன் கெடுத்தான்"னு உன்ற பொஞ்சாதி பேசுவா.

டோக்கன் போட்ட ரசீது எங்க? பத்திரமா எடுத்து வெய்யி. அந்தியூருலருந்து பர்கூரு மலையேறிக் கொள்ளேகாலம் வழியாப் போனா பொழுதோட பெங்களூரு போயிரலாம், நானும் வர்றேன். வேட்டி நனைஞ்சாப் பரவால்லெ, மழை பேயற நாளாப் பாத்துச் சொல்லு.